கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படியுங்கள் தம்பி

கேள்வி: அண்ணே, வணக்கம். மேலூர் பக்கம் ஒரு கிராமம். வயது 24, கூரியர் ஆபீஸில் வேலை. 2019-ல் மதுரையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 120 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி), 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டர். மாடியில் தகர ஷீட் போட்ட அறையில் வைத்திருக்கிறேன். வார நாட்களில் ராத்திரி நண்பர்களோடு வாலரன்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுவேன். அரை மணி நேரம் ஓடியதும் படம் நின்று நின்று விக்க ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கதை கேம்கள் ஆட ஆசை. சைபர்பங்க் 2077 எல்லாம் குறைந்த செட்டிங்கிலும் ஓடவில்லை. சீட்டு எடுத்த பணம் 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. கடையில் கேட்டால், "இது பழசு, எல்லாத்தையும் மாத்தணும், 85 ஆயிரம் ஆகும், பழசை 7 ஆயிரத்துக்கு எடுத்துக்கறோம்" என்கிறார்கள். மச்சானோ, ஆன்லைனில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கிப் போட்டால் போதும் என்கிறார். அப்பா, விளையாட்டுக்கு இவ்வளவு பணமா, கரண்ட் பில்லும் ஏறுமே என்று கோபப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதல் விஷயம், அந்த 7 ஆயிரத்துக்குப் பழசைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் போர்டும் பிராசசரும் இன்னும் சில வருடம் உழைக்கக்கூடியவை. 40,000-ல் உங்களுக்கு வேண்டியது கிடைக்கும். ஆனால் எந்த சாமானை முதலில் வாங்குகிறோம் என்பதில் தப்பு செய்தால், அதே பணத்தில் கம்ப்யூட்டரே போய்விடும். கார்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேபினட்டின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். மேலே பெரிதாக 450 வாட் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிக்கிற கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட் கம்பியில்தான் வருகிறது. கேபினட்டோடு இலவசமாக வரும் பெட்டிகள் பலவற்றில் அந்த இடத்தில் 18 ஆம்பியர் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள். 216 வாட். மேலே எழுதியிருக்கும் 450-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

இப்போது உங்கள் செலவைக் கூட்டுங்கள். 1050 டிஐ கார்டு 75 வாட். ரைசன் 2600-க்கு 65 வாட் என்று பெயர், முழு வேகத்தில் 80-ஐத் தாண்டும். போர்டு, ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 40 வையுங்கள். 200 வாட் பக்கம் வந்துவிட்டது. உங்கள் பெட்டி 18 ஆம்பியர் ரகமாக இருந்தால், இத்தனை வருடமும் விளிம்பில்தான் ஓடியிருக்கிறது. அதில் 130 வாட் கார்டு ஒன்றைச் செருகினால் 255-ஐத் தொடும். முதல் நாளே அணைந்துவிட்டால் நல்லது, தப்பித்தோம். பல பெட்டிகள் அப்படி அணையாது. ஒரு மாதம் தாங்கிவிட்டு, நல்ல வெயில் நாளில் போகும்போது கூடவே மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், வாடிப்பட்டியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவருக்குப் புது கார்டு போட்டுக் கொடுத்தேன். எஸ்எம்பிஎஸ் லேபிளைப் பார்க்கவில்லை. "450 இருக்குல்ல, போதும்" என்று அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து, சித்திரை மாதம், ராத்திரி ஆடிக்கொண்டிருக்கும்போது டப்பென்று ஒரு சத்தம், அறை முழுவதும் கருகல் வாடை. எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் சேர்ந்து போயிருந்தன. போர்டை என் கைக்காசில் வாங்கிப் போட்டேன். ஆனால் ஹார்ட் டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை சர்க்யூட்டும் கருகியிருந்தது. அதில் அவருடைய ப்ராஜெக்ட் முழுவதும் இருந்தது. அதை என்னால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அந்தப் பையன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அன்றிலிருந்து யார் கார்டு என்று கேட்டு வந்தாலும் முதலில் டார்ச் அடித்து லேபிளைத்தான் பார்ப்பேன்.

ஆகவே பட்டியலில் முதல் சாமான், நல்ல கம்பெனியின் 550 வாட் எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்சிக்கன முத்திரை உள்ளது, குறைந்தது ஐந்து வருட வாரண்டி உள்ளதாகப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிள் அதிலேயே வரும். பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளிலிருந்து 8 பின்னாக மாற்றும் கன்வர்ட்டர் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த மெல்லிய கம்பி சூடாகி பிளாஸ்டிக் உருகியதை நிறையப் பார்த்தாயிற்று. இதற்கு 5,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். இது உங்களோடு அடுத்த கம்ப்யூட்டருக்கும் வரும் சாமான்.

அடுத்து, வாலரன்ட் விக்குவது. இது கார்டு பிரச்சினையே இல்லை என்று நினைக்கிறேன். வாலரன்ட் பெரும்பாலும் பிராசசரையும் ராமையும் நம்பி ஓடும் கேம், 1050 டிஐ அதற்குப் போதும். ஆரம்பத்தில் நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்து விக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தகர ஷீட் அறை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சூடு என்று தோன்றுகிறது. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசசரின் சூட்டைக் கடத்த அதன் மேல் 2019-ல் தடவிய தெர்மல் பேஸ்ட் இந்நேரம் சுண்ணாம்பு மாதிரி காய்ந்திருக்கும். அப்புறம் உங்கள் ஊர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனம், அறுப்பு சமயத்தில் உமித்தூசி வீட்டுக்குள் வராமல் இருக்காது. மேலூரிலிருந்து வரும் கேபினட்களில் ஹீட்சிங்க் (பிராசசரின் சூட்டை இறக்கும் உலோகப் பட்டைகள்) இடுக்கெல்லாம் கம்பளி போர்த்தியது போலத் தூசி அடைந்திருக்கும்.

நீங்களே சரிசெய்யலாம். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிட்டு, விக்கும் நேரத்தில் பிராசசரின் சூட்டைப் பாருங்கள். 85 டிகிரிக்கு மேல் இருந்தால் நான் சொன்னதுதான். கேபினட்டைத் திண்ணைக்குக் கொண்டுபோய் புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். பிறகு ஹீட்சிங்க்கைக் கழற்றிப் புது பேஸ்ட் வைக்க வேண்டும். இங்கே ஒரு இடத்தில் கவனம். உங்கள் பிராசசரின் கால்கள் பிராசசரிலேயே இருக்கின்றன, போர்டில் இல்லை. காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுத்தால் லீவரைத் திறக்காமலே பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளையும். அதனால் முதலில் பத்து நிமிடம் ஒரு கேமை ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஸ்க்ரூவைக் கழற்றி, ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் திருகி எடுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதியதை நடுவில் வைத்தால் போதும். ஹீட்சிங்க் அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும்.

கேபினட் முன்பக்கம் முழுக் கண்ணாடியாக இருக்கிறதா? அப்படியானால் காற்று உள்ளே வர வழியே இல்லை. முன்னால் காற்றை இழுக்க இரண்டு ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கேபினட்டைக் கம்ப்யூட்டர் டேபிளின் பெட்டிக்குள் தள்ளி வைக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். சித்திரை வைகாசியில் அந்தத் தகர அறை மத்தியானம் 40 டிகிரியைத் தாண்டும். முடிந்தால் அந்த இரண்டு மாதமும் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

விக்கலுக்கு இன்னொரு காரணம் உங்கள் ஒற்றை ராம். 8 ஜிபியில் விண்டோஸ் ஒரு பங்கு, குரோம் ஒரு பங்கு, நண்பர்களோடு பேச டிஸ்கார்ட் ஒரு பங்கு என்று போனால் கேமுக்கு மிச்சம் இருப்பது குறைவு. அதைவிட முக்கியம், ஒரே ஸ்டிக் என்றால் பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே ஒற்றை வழிப் பாதை. இன்னொரு 8 ஜிபி போட்டால் இரட்டை வழி ஆகும். ரைசன் பிராசசர்கள் இந்த விஷயத்தில் ரொம்பவே பலன் காட்டுபவை. நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பிறகு பயோஸுக்குள் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் இடம்) போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்யுங்கள். அசெம்பிள் செய்யும்போது இதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். 3000 வேகத்தில் ஓட வேண்டிய ராம் வருடக்கணக்கில் 2133-ல் ஓடிக்கொண்டிருப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

ராம் விலை கேட்டீர்கள் என்றால் வருத்தமாக இருக்கும். 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க மெமரி சிப்கள் ஏஐ சர்வர்களுக்குப் போகின்றன. நம் கடைகளிலும் விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. உங்கள் கடைக்காரர் சொன்ன 85 ஆயிரத்தில் ஒரு பெரிய பங்கு இதுவாகத்தான் இருக்கும். புதிய தலைமுறை போர்டு என்றால் உங்கள் பழைய டிடிஆர்4 ராம் பொருந்தாது, டிடிஆர்5 ராம் புதிதாக வாங்கியாக வேண்டும். எல்லாவற்றையும் மாற்ற இது சரியான நேரமே இல்லை. உங்களுக்கு டிடிஆர்4 ஒரே ஒரு ஸ்டிக் போதும். அதை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்று தைரியமாகச் சொல்வேன். ராமில் தேய்வதற்கு எதுவும் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும், கெட்டால் மெம்டெஸ்ட் என்ற சோதனையில் தெரிந்துவிடும். ஒரு ராத்திரி முழுக்க அதை ஓடவிட்டு, காலையில் ஒரு பிழைகூட இல்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், பிழை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று முன்பே பேசி வாங்குங்கள். உங்களிடம் இருப்பதே என்ன வேகம் என்று பார்த்து, அதே வேகத்தில் வாங்குங்கள்.

சரி, இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

நீங்கள் பெயர் சொன்ன சைபர்பங்க் 2077 கேமையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் வந்த கேம், 2023-ல் 2.0 அப்டேட் வந்தபோது குறைந்தபட்சத் தேவையை உயர்த்தினார்கள். இப்போது அதற்கு வேண்டியது 12 ஜிபி ராம், எஸ்எஸ்டியில் 70 ஜிபி இடம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 அல்லது 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கார்டு, ரைசன் 5 1600 பிராசசர். உங்கள் கம்ப்யூட்டரை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராம் குறைகிறது. எஸ்எஸ்டி குறைகிறது. கார்டு குறைகிறது. பிராசசர் மட்டும் தாண்டி நிற்கிறது, 2600 என்பது 1600-க்கு அடுத்த வருடம் வந்த தம்பி. எதை மாற்ற வேண்டும், எதை விட வேண்டும் என்று அந்த கேம் கம்பெனியே உங்களுக்குச் சொல்லிவிட்டது. கடைக்காரரோ விட வேண்டியதையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம், வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டால் ஆடும்போதே திரையின் மூலையில் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, அதன் மெமரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, ஒரு நொடிக்கு எத்தனை பிரேம் (படம்) வருகிறது என்று காட்டும். கார்டு 97, 98 என்று நின்றால் அது மூச்சுத் திணறுகிறது. அடுத்து, கேமின் ரெசொல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். பிரேம் நன்றாக ஏறினால் தடை கார்டுதான். ஏறவே இல்லை என்றால் தடை பிராசசரிலோ ராமிலோ இருக்கிறது, புது கார்டு போட்டாலும் அந்த கேம் அப்படியேதான் ஓடும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கார்டு வாங்கிவிட்டு, "அண்ணே, 25 ஆயிரம் போட்டும் வாலரன்ட்ல வித்தியாசமே தெரியலையே" என்று வந்து நிற்கிறவர்களைப் பார்த்தால் மனது கஷ்டப்படுகிறது.

கார்டில் என் முதல் தேர்வு ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி. 2021-ல் வந்தது, இன்றைக்கு எல்லோரும் பேசும் கார்டு இல்லை. ஆனால் 132 வாட்டில் ஓடும், ஃபுல் எச்டியில் உங்கள் 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குத் தேவையானதைக் கொடுத்துவிடும், உங்கள் பிராசசருக்கும் அது பொருத்தமான ஜோடி. 24,000 ரூபாய்க்குள் புதியது பில்லோடு கிடைத்தால் வாங்குங்கள். கையிருப்பு இல்லை என்று ஆர்டிஎக்ஸ் 4060 காட்டினால், அதுவும் நல்ல கார்டு, 115 வாட்தான். ஆனால் விலை வித்தியாசத்துக்காக ராமையும் எஸ்எஸ்டியையும் விட்டுவிடாதீர்கள்.

குறைந்த விலையில் இரண்டு கார்டுகளைக் காட்டுவார்கள், இரண்டும் வேண்டாம். ஒன்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. அது போர்டோடு நான்கே நான்கு பாதையில்தான் பேசும். பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசும் இணைப்பு) 4.0 உள்ள புது போர்டில் அது ஒப்பேறும். உங்கள் பி450 போர்டு பிசிஐஇ 3.0, அதில் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி. 4 ஜிபி மெமரி நிறைந்தவுடன் அந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் எல்லாம் போய் வர வேண்டும், விக்கல் இன்னும் அதிகமாகும். 6600 எட்டுப் பாதைக் கார்டு, 8 ஜிபி மெமரி, உங்கள் போர்டில் பெரிய நஷ்டம் தெரியாது. இன்னொன்று ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி ரகம். தனி பவர் கேபிள் வேண்டாம், 70 வாட்தான், பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும் என்று சொல்லி விற்பார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் வேகத்தில் 6600-க்கு ரொம்பவே கீழே, விலையில் அவ்வளவு கீழே இல்லை. இன்டெல் ஆர்க் பி580 பற்றி யாராவது சொன்னால், 12 ஜிபி மெமரி என்று ஆசையாக இருக்கும், ஆனால் அது புதிய பிராசசர்களோடு ஓடுவதற்காகச் செய்தது. 2600-ல் அதன் முழு பலம் வெளியே வராது.

மச்சான் சொன்ன செகண்ட் ஹேண்ட் கார்டு. தப்பில்லை, ஆனால் ராம் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் சாமான் இல்லை. 2022 செப்டம்பரில் கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் மைனிங் நின்றுபோனபோது, வருடக்கணக்கில் இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மொத்தமாக சந்தைக்கு வந்தன. அவை இன்னும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. வெளியூரிலிருந்து பார்சலில் வரும் கார்டை வாங்காதீர்கள். மதுரைக்குள் யாராவது விற்றால் நேரில் போங்கள், அவர் கம்ப்யூட்டரிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள் வருகிறதா, ஃபேன் சத்தத்தில் உரசல் இருக்கிறதா, ஸ்க்ரூ மேல் இருக்கும் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சீரியல் நம்பரை பில்லோடு ஒப்பிட்டு வாரண்டி மிச்சம் எத்தனை மாதம் என்று கேளுங்கள். பில் இல்லை என்றால் புது விலையில் பாதிக்கு மேல் தராதீர்கள். "அவசரமா பணம் வேணும், உடனே ஜிபே பண்ணுங்க, வேற ஆள் கேக்குறாங்க" என்று விரட்டினால், வேற ஆளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். புது கார்டு வந்து ஓடிப் பார்க்கும் வரை 1050 டிஐயை விற்றுவிடாதீர்கள். உங்கள் 2600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. அப்புறம் விற்றுவிடலாம், வைத்திருந்தும் லாபமில்லை. என்விடியா அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு கேம் டிரைவர்கள் கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

எஸ்எஸ்டிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்கும், அதில் நேரடியாகச் செருகும் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று 5,000-க்குள் கிடைத்தால் போடுங்கள். ஆடும் கேமை மட்டும் அதில் வையுங்கள், மற்றவை ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கட்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால், எஸ்எம்பிஎஸ் 5,000, கார்டு 24,000, ராம் 4,000, எஸ்எஸ்டி 5,000, ஃபேனும் பேஸ்ட்டும் 1,500. 39,500 வந்துவிட்டது. விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதனால் இவற்றை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று தாண்டினால் எஸ்எஸ்டியைத் தள்ளிப்போடுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி பில் கேளுங்கள். "பில் இல்லாம ஆயிரம் குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். நாளைக்கு கார்டு போய்விட்டால் அந்த ஆயிரம் உங்களுக்கு வாரண்டி தராது.

பிராசசர் அடுத்த சீட்டுக்கு. ரைசன் 5 5600 உங்கள் போர்டிலேயே உட்காரும், 65 வாட்தான், கூடவே கூலரும் வரும். அந்த நாளில் வாலரன்ட்டில் பெரிய வித்தியாசத்தைப் பார்ப்பீர்கள், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குவதற்கும் அப்போதுதான் அர்த்தம் வரும். ஆனால் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்துவிட வேண்டும். மாற்றிவிட்டு அப்டேட் செய்யலாம் என்றால் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது. பயோஸ் எழுதிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போடுவார்களே, அந்தத் தேதியையும் மழை பெய்யும் நாளையும் தவிர்த்துவிட்டு, யுபிஎஸ் போட்டுச் செய்யுங்கள். யுபிஎஸ் இல்லை என்றால் யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்குங்கள்.

விண்டோஸ் 10-லேயே இருக்கிறீர்கள் என்றால், அதற்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. 2600-ல் விண்டோஸ் 11 முறைப்படியே ஓடும். பயோஸில் எஃப்டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் ஆன் செய்ய வேண்டும், விண்டோஸ் 11-ல் வாலரன்ட் அந்த இரண்டும் இல்லாமல் திறக்காது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் இந்த இரண்டும் ஆனாக இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு நீங்கள் காட்ட வேண்டிய கணக்கும் இருக்கிறது. புது கார்டோடு, மானிட்டரும் சேர்த்து, ஆடும் நேரத்தில் 300 வாட் என்று தாராளமாகவே வைப்போம். தினமும் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். இதில் பெரும்பகுதி இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, புதிதாக ஏறுவது பத்து யூனிட் கூட வராது. வீட்டு பில் ஏற்கெனவே 500 யூனிட் பக்கம் நின்றால் மட்டும் கவனமாக இருங்கள், அதைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும். 85 ஆயிரம் என்று சொன்ன இடத்தில் 40-க்குள் முடிக்கப் போகிறேன், பழைய போர்டு, பிராசசர், மானிட்டர் எல்லாம் அப்படியே இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். உங்கள் சம்பளத்தில் நீங்கள் கட்டிய சீட்டு. அவர் கோபம் பணம் வீணாகிவிடுமோ என்ற பயத்தில் வருவது, அந்தப் பயம் நியாயமானதுதான். லேபிளை அவரிடமும் காட்டுங்கள், 12-ஐயும் 18-ஐயும் பெருக்கிக் காட்டுங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு ஆம்பியர் கணக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எதுவும் வாங்க வேண்டாம். தூசியை ஊதி, பேஸ்ட்டை மாற்றி, எக்ஸ்எம்பியை ஆன் செய்து, 720 சோதனையைச் செய்து பாருங்கள். பேஸ்ட் 300 ரூபாய்க்குள் முடியும். அன்றைக்கே விக்கல் நின்றுவிடக்கூடும். பிறகு எஸ்எம்பிஎஸ் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், 12 வோல்ட் கட்டம் தெளிவாகத் தெரியட்டும். போர்டின் மாடல் எண்ணையும் கூடவே எழுதுங்கள், 5600-க்கு எந்த பயோஸ் வேண்டும் என்று பார்த்து வைக்கிறேன்.